டி டிரைவ் காணாமற்போன படலம்: மாத்தளை நோக்கில் ஒரு முன்னாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாசி மகத்தன்று காலையில் எங்கள் வீட்டுக் கணினியில் டி டிரைவ் இருந்தது. பிற்பகலில் இல்லை. இடையில் என்ன நடந்தது என்பதை இக்கட்டுரை ஆராயாது. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் விடை சொல்வதே ஆய்வு என்பதைச் சென்ற ஆண்டு நான் போய் உட்கார்ந்திருந்த ஆய்வரங்கின் இரண்டு நாளும் எனக்குத் தெளிவாகக் காட்டிவிட்டன. அங்கே ஒரு துணிப்பை, ஒரு பேனை, கழுத்தில் மாட்ட ஒரு பெயரட்டை, இரண்டு மாலுபாண் கிடைத்தன. அறிவு கிடைத்ததாகச் சான்றிதழும் கிடைத்தது.

திறவுச்சொற்கள்: டி, டிரைவ், காணவில்லை, யார் தொட்டது.

களமும் முறையும்

களம், மாத்தளை நகரில் ஒரு வீட்டின் முன்னறை. கருவி, ஒரு டெராபைட் ஹார்ட்டிஸ்க். பெட்டியின்மேல் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. விண்டோஸோ 931 கிகாபைட் என்கிறது. செய்து விற்றவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக வகுக்கிறது, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

அந்த 931இல் ஏறத்தாழ 100 சி, மற்றதெல்லாம் டி. சி-யில் விண்டோஸ் குடியிருந்தது. இடம் போதாமல் அதன் அளவுக்கோடு சில மாதங்களாகச் சிவப்பாகவே இருந்ததையும் பதிவுசெய்கிறேன். டி-யில் பெரியவளின் கல்யாணப் படங்கள், சின்னவனின் ஏ.எல். குறிப்புகள், நான் இருபது வருடமாக எழுதி யாரும் கேட்காத கட்டுரைகள். வீட்டார் அனைவரும் முத்துமாரியம்மன் கோவில் தேருக்குப் போயிருந்தார்கள். ஐந்து தேர் ஒன்றாக ஓடும் நாள், யாரையும் வீட்டில் பிடித்துவைக்க முடியாது. முழங்கால் வலியுடைய ஆய்வாளர் மட்டும் வீட்டிலிருந்தபடியே தரவு திரட்டினார்.

சொல்லாய்வு

பார்ட்டிஷன் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பிரிவினை என்றால் நாடு ஞாபகம் வருகிறது. பாகப்பிரிவினை என்றால் அண்ணன் தம்பி ஞாபகம் வருகிறார்கள். கூறு என்றால் மீன் கடை. கலைச்சொல்லாக்கக் குழு ஒன்றிடம் விட்டால் ஒன்பது வருடம் கழித்து மூன்று சொல் தரும், மூன்றையும் யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் ‘துண்டு’ என்கிறோம். இச்சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் வரலாறு உண்டு என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தோட்டத்தில் துண்டு என்பது தோளில் போடுவது மட்டுமல்ல. கங்காணிமார் காலத்தில், இன்ன ஆள்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்கும் துண்டு என்றே பெயர். அந்தச் சீட்டை அடுத்த தோட்டம் வாங்கினால் ஆளும் போவார், கடனும் கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் நாலு விரல் காகிதத்தில் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை. அது பிற்பாடு வரும்.

இன்னொரு சொல்லும் உண்டு: கணக்கு. தோட்டத்தில் மேக்கணக்கு, கீக்கணக்கு என்றால் மேல் டிவிசன், கீழ் டிவிசன். அங்கே தமிழறிஞர் பழைய நூல்களைப் பதினெண்மேற்கணக்கு, பதினெண்கீழ்க்கணக்கு என்று இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்துவைத்தார்கள். இரண்டும் ஒரே சொல். ஆகவே சங்கப் புலவர்கள் மாத்தளை மலையில் இரண்டு டிவிசனிலும் கொழுந்து பறித்தவர்கள் என்பது பெறப்படும். அற்றேல், அந்தக் காலத்தில் இங்கே தேயிலை இல்லையே எனின், அதனாற்றான் அவர்கள் வறுமையில் வாடினர் என்க.

நானிலக் கொள்கை

பார்ட்டிஷன் என்றதும் சுவர் ஞாபகம் வருவது இயல்பு. நான் பிறந்த லயத்தில் வரிசையாகக் காம்பரா. நடுச்சுவர் கூரையைத் தொடாது. மூன்றாவது காம்பராவில் மிளகாய் வறுத்தால் ஆறாவது காம்பராவில் தும்முவார்கள். ஆனாலும் சுவர் என்று ஒன்று இருந்தது. ஹார்ட்டிஸ்க்கில் அதுகூட இல்லை. வழவழவென்ற வட்டு. சி எங்கே முடிகிறது, டி எங்கே தொடங்குகிறது என்று வட்டைப் பார்த்து யாரும் சொல்லமுடியாது. இருப்பதெல்லாம் ஒரு செக்ரோல். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள்களைப் பேர் கூப்பிடக் கணக்கப்பிள்ளை கையில் இருக்குமே, அதே மாதிரி: இன்னார் இந்த இடத்தில் தொடங்குகிறார், இவ்வளவு தூரம் இருக்கிறார். அவ்வளவுதான் பார்ட்டிஷன் டேபிள்.

பழைய முறையில் அது வட்டின் முதல் செக்டரில் இருக்கும். அந்த செக்டர் 512 பைட். அதில் 446 பைட் கணினியை எழுப்பிவிடும் சின்ன நிரல், 64 பைட் செக்ரோல், கடைசி 2 பைட் கையொப்பம். செக்ரோலில் ஒரு பேருக்கு 16 பைட், ஆக நான்கு பேருக்குத்தான் இடம். இதற்கு எம்.பி.ஆர். என்று பெயர். 1983 மார்ச்சில், பத்து மெகாபைட் ஹார்ட்டிஸ்க்கோடு ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. எக்ஸ்.டி.யுடன் வந்தது. 1983 என்றதும் மாத்தளையில் உள்ளவர்களுக்கு வேறொரு மாதம் ஞாபகம் வரும். அந்த ஜூலையில் கோவிலுக்கும் தீ வைத்தார்கள். அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

ஏன் நான்கு? ஐ.பி.எம்.காரர்கள் இடம் போதவில்லை என்பார்கள். அறிவிலிகள். நிலம் நான்கு என்று தமிழன் அன்றைக்கே வகுத்தான்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல். அப்படியானால் பாலை எங்கே எனின், பாலைக்குத் தனி நிலம் கிடையாது, மற்ற நிலம் திரிந்தால் அது பாலை. எம்.பி.ஆரிலும் ஐந்தாவது துண்டு வேண்டுமென்றால் நேராகப் போடமுடியாது. நான்கில் ஒன்றை ‘எக்ஸ்டெண்டட்’ என்று திரித்து அதற்குள்தான் போடவேண்டும். எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் பாலையே என்பது வெள்ளிடைமலை. அங்கே வைத்த கோப்பு தொலைந்து பிரிவாற்றாமை வருவதையும் உடன் கருதுக.

எம்.பி.ஆருக்கு இரண்டு டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதற்குப் பிறகு வந்தது ஜி.பி.டி. அதில் வழக்கமாக 128 பேருக்கு இடம். இந்த 128 ஏன் என்று மேலைநாட்டார் ஒருவரும் விளக்கவில்லை. சிற்றிலக்கியம் 96, அறம் 32, கூட்டினால் 128. இதை எழுதி முடித்தபோது என் கை நடுங்கியது. இந்தக் கணக்கைத் தற்செயல் என்பவர் யாராயினும் அவர் தமிழுக்கு நண்பரல்லர். ஒரு தேதியையும் நான்கு எண்களையும் வைத்துக்கொண்டு பழைய நூல்களின் காலத்தை ஆயிரம் வருடம் முன்னே தள்ளுவோர் மத்தியில் நான் வெறும் கூட்டல்தான் செய்திருக்கிறேன்.

ஜி.பி.டி.யில் ஒரு நல்ல குணம்: செக்ரோலின் ஒரு பிரதியை வட்டின் வாலிலும் வைத்திருக்கும். தலை போனாலும் வால் சொல்லும். எங்கள் வீட்டு வட்டு பழையது, எம்.பி.ஆர். வாலில் ஒன்றும் இல்லை.

குறிகள்

‘இன்வாலிட் பார்ட்டிஷன் டேபிள்’ என்றால் செக்ரோலில் எழுத்து குழம்பிவிட்டது. ‘மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்றால் செக்ரோல் சரி, ஆனால் காம்பராவில் ஆள் இல்லை. ‘இந்த டிரைவைப் பாவிக்குமுன் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யவா?’ என்றால் காம்பரா இருக்கிறது, உள்ளே என்ன மொழி பேசுகிறார்கள் என்று விண்டோஸுக்கு விளங்கவில்லை. இந்தக் கேள்விக்கு ஆமென்று சொல்பவர்களை வைத்துத்தான் பல கடைகள் நடக்கின்றன. வேண்டாம் என்பதே விடை.

எங்களுடையது நான்காவது வகை. டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்ற பக்கத்தில் சி-க்குப் பக்கத்தில் டி இருந்த இடம் கறுப்புப் பட்டையாகி, ‘அன்அலகேட்டட்’ என்று காட்டியது. ஒதுக்கப்படாத இடம்.

ஒதுக்கப்படாத இடம் பற்றி ஓர் இடைப்பிறவரல்

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்தில் செக்ரோலில் பேர் இருந்த எங்கள் ஆள்கள் பெரும்பாலானோருக்கு நாட்டின் செக்ரோலில் பேர் இல்லாமல் போயிற்று. கொழுந்து அன்றைக்கும் வந்தது, யாரும் எங்கும் போகவில்லை, டேபிளில் மட்டும் இல்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 975,000 பேர், அதில் 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருடம் அவர்கள் அன்அலகேட்டட். 1974இல் அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். என் பாட்டனார் ஒரு பாதியிலும் அவர் தம்பி மறுபாதியிலும் விழுந்தார்கள். மேசையில் இருந்தவர்களுக்கு இருவரும் ஒரே காம்பராவில் இருந்தது தெரிந்திருக்க வழியில்லை.

இதைப்பற்றி ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அடிக்குறிப்பு மேலே உள்ள எழுத்தைவிட நீளமாக இருக்கும். எங்கள் லயத்துக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆய்வுக்குத் திரும்புவோம்.

காரணங்கள்

மின்சாரம். வட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய பக்கமே மிஞ்சும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது எத்தனை வட்டு அப்படிப் போயிற்றோ. ஏப்ரலிலும் ஐப்பசியிலும் இந்த மலைகளில் இடி இறங்கும், அப்போது பிளக்கைக் கழற்றிவைப்பதே சாந்தி.

குரங்கு. நகையற்க. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபோமரைத் தொட்டுவிட்டதாக மின்சக்தி அமைச்சரே சொன்னார். இது நான் புனைந்த மேற்கோள் அல்ல. இக்கட்டுரையில் புனைந்ததுபோல் தெரிபவை உண்மையாகவும், உண்மைபோல் தெரிபவை எங்கள் வீட்டு இஸ்தோப்பில் பேசியவையாகவும் இருப்பதற்கு நாடே பொறுப்பு.

வயர். சாட்டா வயரைக் கழற்றி மாட்டினால் பாதி வியாதி குணமாகும்.

வட்டுக்கே வயதாதல். ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே நிறுத்துக. சத்தத்தோடு சோதனை மேல் சோதனை செய்வது, மூச்சு வாங்குகிறவரை மலையேறச் சொல்லி நாடி பார்ப்பதற்கு ஒப்பு.

வைரஸ். தாய்வான் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். என்ற வைரஸ் 1999 ஏப்ரல் 26இல் விழித்துக்கொண்டு வட்டின் முதல் ஒரு மெகாபைட்டைப் பூச்சியத்தால் நிரப்பியது. செக்ரோல் முதல் செக்டரில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மனிதக் கை. இதற்குச் சான்று கிடைக்கவில்லை.

கடைசியாகத் தொட்டவர் கொள்கை

மேற்கண்டவை யாவும் நூலறிவு. எங்கள் வீட்டில் நிலவும் கொள்கை ஒன்றே: எது கெட்டாலும் அதைக் கடைசியாகத் தொட்டவரே காரணம் (அம்மாயி, இஸ்தோப்பு, முதல் வெற்றிலை). இக்கொள்கையை முன்வைத்தவர் என் மாமியார், பிள்ளைகளுக்கு அம்மாயி. கணினியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அதனால்தான் அவர் கொள்கை இன்றுவரை மறுக்கப்படவில்லை.

தேர் பார்த்து வந்த களைப்போடு அனைவரும் முன்னறையில் கூடினோம்.

“கடைசியா யாரு தொட்டது?” என்றார் அம்மாயி.

“நான் நேத்து ராத்திரி பிரிண்ட் மட்டுந்தான் எடுத்தேன் அம்மாயி,” என்றான் சின்னவன்.

“பிரிண்ட் எடுத்தா கேமும் விளையாடியிருப்பே. கேம் விளையாடினா சூடாகும். சூடானா உருகும்” (அம்மாயி, மேற்படி, இரண்டாம் வெற்றிலை, சுண்ணாம்பு போதாமை பற்றிய இடைக்குறிப்பையும் காண்க).

இங்கே கொள்கை இரண்டு பள்ளியாகப் பிரிகிறது. முதற்பள்ளி, தொடுதல் என்பது விரலால் தொடுதலே என்னும். இரண்டாவது, பார்த்தாலும் தொட்டதுதான் என்னும். இரண்டாவதற்குத் தலைவி என் வீட்டுக்காரி. பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் வந்து, “பெரிய டிவி மாதிரி இருக்கே” என்று கணினியைப் பார்த்துச் சொன்னாராம். அன்றைக்கே திருஷ்டி விழுந்துவிட்டது என்பது இப்பள்ளியின் துணிபு (வீட்டுக்காரி, குசினி, தேங்காய் துருவிக்கொண்டே மொழிந்தது). இதற்குப் பக்கத்து வீட்டு அக்கா மறுப்புரை வழங்கியுள்ளார் (மதில்மேல், உடுப்பு காயப்போடும் பதிப்பு). அதே மறுப்புரை அவருடைய நாத்தனாரிடம் ரத்தோட்டை பஸ்ஸில் திருத்தியும் விரித்தும் சொல்லப்பட்டது (நின்றபடி பயணித்த பதிப்பு). பஸ்ஸில் இருந்த யாரோ கேட்டு எங்கள் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, எங்கள் வீட்டில் கணினி அல்ல, கிரைண்டர் காணாமற்போனதாகப் பாடம் வேறுபட்டிருந்தது (கத்தரிக்காய்க் கடை, சில்லறை இல்லாத பதிப்பு). மூன்று பாடங்களையும் ஒப்பிட்டு மூலபாடம் நிறுவுவது ஒரு வாழ்நாள் பணி. வேறொருவர் வாழ்நாளாக இருக்கவேண்டும்.

மூன்றாம் பள்ளி ஒன்றும் உண்டு. பூனை. அது சுட்டியின்மேல் படுத்து உறங்கும். அதன் மீது குற்றம் சுமத்துவதில் பல நன்மைகள்: மறுப்புரை எழுதாது, நாத்தனார் கிடையாது. பூனைப் பள்ளிக்கு நானே ஆசிரியன். ஒரு மணிநேரம் வாதிட்டேன். அம்மாயி என்னை ஒரு பார்வை பார்த்தார். “மருமகனே, நீங்க ஏன் இம்புட்டு வேர்க்கிறீங்க?” (அம்மாயி, மேற்படி, மூன்றாம் வெற்றிலை). இது தலைப்போடு தொடர்பில்லாத வினா என்பதால் விடையளிக்கவில்லை.

பிரதி பற்றிய தொல்லியல் குறிப்பு

பேக்கப் எடுத்து வைத்திருக்கவேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: மாத்தளைக்காரனிடம் இதைக் கேட்கக்கூடாது. ஊருக்கு வடக்கே கொஞ்சத் தூரத்தில், ஏ9 வீதியோரம் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் வந்து மனப்பாடம் செய்திருந்த பிக்குகளே அழிந்துபோவார்கள் என்ற பயத்தில், பௌத்தப் பிடகங்களை முதன்முதலில் ஓலையில் எழுதிவைத்த இடம் அது. ரேமில் இருந்ததை வட்டுக்கு மாற்றிய முதல் நிகழ்ச்சி என்று ஐயமின்றிக் கூறலாம். 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. அதற்குள் எத்தனையோ விகாரைகளில் பிரதி இருந்தபடியால் பிடகம் பிழைத்தது.

என்னிடம் இருந்த பேக்கப் டி டிரைவிலேயே ‘பேக்கப்’ என்ற பேரில் ஒரு ஃபோல்டர்.

பரிகாரம்

கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். “ஃபார்மட் பண்ணிறலாம் ஐயா, பின்னேரம் வாங்க” என்றார்கள். உள்ளே உள்ளது என்ன ஆகும் என்றேன். “உள்ளதா? அது போயிட்டுது தானே” என்றார்கள். செக்ரோலில் பேர் இல்லை, ஆகவே ஆள் இல்லை. இந்த வாதத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா மகன் ரத்தோட்டையிலிருந்து மடிக்கணினியோடு வந்தான். வந்ததும் முதற்கேள்வி: “மாமா, இது காணாமப் போனப் பொறகு அதுமேல ஏதாவது எழுதினீங்களா?”

“கட்டுரைதான் எழுதினேன். அது நோட்டுப் புத்தகத்தில்.”

“அப்ப தப்பிச்சோம்.”

அவன் சொன்னதைச் சுருக்குகிறேன், இதுவே இக்கட்டுரையில் பயன்படும் பகுதி. துண்டு அழிந்தால் அழிவது செக்ரோலில் 16 பைட். உள்ளே உள்ளது அப்படியே கிடக்கும், புதிதாக எதையும் அதன்மேல் எழுதாதவரை. புதிய துண்டு போடக்கூடாது, ஃபார்மட் செய்யக்கூடாது, மீட்கும் மென்பொருளை அதே வட்டில் நிறுவவும் கூடாது. செக்டிஸ்க் என்ற கட்டளையை எல்லாரும் பரிந்துரைப்பார்கள். அது காம்பராவுக்குள் சாமான் அடுக்கும் வேலைக்காரி, காம்பராவே செக்ரோலில் இல்லாதபோது அவளைக் கூப்பிட்டுப் பயனில்லை. வட்டு சத்தம் போட்டால் முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழுவட்டையும் இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் கைவைக்கவேண்டும். எங்களுடையது சத்தம் போடவில்லை.

வட்டைக் கழற்றித் தன் மடிக்கணினியில் யு.எஸ்.பி. வழியாக மாட்டினான். டெஸ்ட்டிஸ்க் என்றொரு நிரல், கிரிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாக விட்டது. பார்க்க அழகில்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அது வட்டின் தலையிலிருந்து தேடிக்கொண்டு போகும், ஒரு துண்டு தொடங்கும் அடையாளம் எங்கே கிடைக்கிறது என்று. என்.டி.எஃப்.எஸ். துண்டாக இருந்தால் தன் முதல் செக்டரின் பிரதியைத் துண்டின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை புத்தகம் தொலைந்துபோனால் காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டி, “யாரு இருக்கீங்க?” என்று கேட்பதற்கு இது ஒப்பு. கேட்டால் உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். இதுவரை கேட்காமல் இருந்ததுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சை வரி வந்தது. ‘பி’ விசையை அழுத்தினான். கல்யாணம், ஏ.எல்., கட்டுரை, பேக்கப் என்று ஃபோல்டர் பேர்கள் வரிசையாக நின்றன. அம்மாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். கோப்புகள் கண்முன் தெரிந்த பிறகே ‘ரைட்’ கொடுக்கவேண்டும் என்றான். கொடுத்தான். செக்ரோலில் 16 பைட் திரும்ப எழுதப்பட்டது. அவ்வளவுதான் வைத்தியம். அவனுக்கு இரண்டு உளுந்துவடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம், அவன் பஸ்ஸுக்குக் காசு வாங்கமாட்டேன் என்றான்.

மேலாய்வுக்குரியன

வட்டைத் திரும்ப மாட்டிக் கணினியை எழுப்பியதும், எழும்பிப் போயிருக்கவேண்டியவன் உட்கார்ந்தே இருந்தான். “காரணம் தெரியாம விட்டா மறுபடி வரும் மாமா” என்றான். இக்கால இளைஞரிடம் ஆய்வு மனப்பான்மை அளவுக்கு மிஞ்சிவிட்டது. விண்டோஸ் தன்னுள்ளே ஒரு நாட்குறிப்பு எழுதுகிறதாம், இவெண்ட் வியூவர் என்று பேர். அதைத் திறந்து மேலும் கீழுமாக உருட்டினான்.

“மாமா, தேரன்னிக்குக் காலையில 10.17க்கு வெர்ச்சுவல் டிஸ்க் சர்வீஸ் ஓடியிருக்கு.”

“அப்படியென்றால்?”

“யாரோ டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறந்திருக்காங்க. பொதுவா சி-ல இடம் பத்தலன்னு பெருசாக்கப் பார்ப்பாங்க. ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ சாம்பல் நிறமா இருக்கும், அமுக்க வராது. சி-க்கு ஒட்டினாப்ல வலப்பக்கம் காலி இடம் இருந்தாத்தான் வரும். அதுக்காகப் பக்கத்துல இருக்கிறத டிலீட் பண்ணிருவாங்க. இதுல எல்லாம் அழிஞ்சிரும், சரியான்னு கேக்கும். யெஸ் குடுத்திருப்பாங்க. அப்புறம் பயந்துபோய் அப்படியே விட்டிருப்பாங்க. விட்டதும் நல்லதாப் போச்சு.”

முன்னறையில் அமைதி. தேரன்று 10.17க்குச் சின்னவன் வடம் பிடித்துக்கொண்டிருந்தான், படம் இருக்கிறது. பெரியவள் கண்டியில். வீட்டுக்காரியும் பக்கத்து வீட்டு அக்காவும் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில். பூனை மட்டும் வீட்டில் இருந்தது.

“பூனை யெஸ் குடுக்குமா?” என்றார் அம்மாயி (மேற்படி, நான்காம் வெற்றிலை).

நாட்குறிப்பின் அந்தப் பகுதியை நான் மூக்குக்கண்ணாடியோடும் மூக்குக்கண்ணாடி இல்லாமலும் வாசித்தேன். நடை மற்ற வரிகளோடு ஒத்துப்போகவில்லை. சொல்லாட்சி பிற்காலத்தது. முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு பொருள் தொடர்பும் இல்லை. தமக்கு ஒவ்வாத பாட்டைக் கண்டால் நம் முன்னோராகிய பேரறிஞர்கள் என்ன முடிவுக்கு வருவார்களோ, அந்த முடிவுக்கே நானும் வந்திருக்கிறேன்: 10.17 என்னும் வரி இடைச்செருகல் என்க.